பெட்டி முதலில், சிலந்தி பிறகு



நாய்க்குட்டி, பூனைக்குட்டி, கிளி, தங்கமீன் என்று கேட்டுக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் இப்போது தரந்துலா வேண்டும் என்று கேட்கத் தொடங்கிவிட்டனர். உள்ளங்கை அகலத்திற்கு, உடலெல்லாம் உரோமம் அடர்ந்த பெருஞ்சிலந்தி! கைப்பேசியில் காணொளி பார்த்துப் பார்த்து வந்த ஆசை இது. பாகான் செராய் போன்ற சிற்றூர்ப் பிள்ளைகளையும் அது விட்டுவைக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் தாய்மார் அலறுகின்றனர், தந்தையர் சிரிக்கின்றனர். "டீச்சர், வாங்கிக் கொடுக்கலாமா?" என்று நம்மிடம் வந்து கேட்போரும் இருக்கின்றனர்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாமா, கூடாதா என்பது இரண்டாவது கேள்விதான். அதற்கு உரிய பெட்டி ஆயத்தமாக இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பெட்டியைப் பிள்ளை தன் கையால் அமைக்கட்டும். ஒரு மாதம் அதை வெறும் பெட்டியாகவே வைத்துப் பராமரித்துக் காட்டட்டும். அதன் பிறகு சிலந்தியைப் பற்றிப் பேசலாம். ஆனால் நம் தோட்டத்து மண்ணில் வாழும் சிலந்தியை எந்தப் பெட்டிக்குள்ளும் கொண்டு வரக்கூடாது. பள்ளி வகுப்பறையிலும் தரந்துலா வேண்டா. இந்த இரண்டிலும் எனக்கு ஐயமே இல்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

'பாதுகாப்பான பெட்டி' என்றால் சிலந்தியிடமிருந்து நம்மைக் காப்பாற்றும் பெட்டி என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். அதில் கால் பங்கு உண்மை. மீதி முக்கால் பங்கு, நம்மிடமிருந்தும் நம் வீட்டிடமிருந்தும் சிலந்தியைக் காப்பாற்றும் வேலை.

என் அகவையினர் தோட்டத்தில் சண்டைச் சிலந்தி வளர்த்ததை மறந்திருக்க மாட்டார்கள். செடிகளில் இரண்டு இலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தைப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருக்கும் சிறு கருஞ்சிலந்தியைப் பிடிப்போம். தீப்பெட்டிக்குள் ஒரு பச்சை இலைத் துண்டோடு போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போவார்கள் அண்ணன்மார். 'தயானியா' என்னும் பேரினத்தைச் சேர்ந்த தாவும் சிலந்தி அது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஆடிய ஆட்டம். விரல்நுனி அளவே உள்ள அந்தச் சிலந்திக்குச் சில நாள்களுக்குத் தீப்பெட்டி போதும். சண்டை முடிந்தால் செடியில் விட்டுவிடுவோம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்தத் தீப்பெட்டி நினைவோடு வளர்ந்த தந்தை, மகன் தரந்துலா கேட்டதும் பெரிய தீப்பெட்டியைத் தேடுகிறார். அவர் கைக்கு அகப்படுவது தீபாவளிப் பலகாரம் போட்டுவைத்த, சிவப்பு மூடிகொண்ட முறுக்கு டப்பா. மூடியில் ஆணியைச் சூடாக்கி நான்கு துளைகள். அடியில் கொஞ்சம் மண். வீடு ஆயத்தம்!

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இப்படியொரு டப்பாவை வகுப்பிற்குக் கொண்டு வந்தான். செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் அவன் மாமா பிடித்துக் கொடுத்த கருஞ்சிலந்தி உள்ளே இருந்தது. ஓய்வு நேரத்தில் அது டப்பாவின் சுவரில் ஏறி, மூடிவரை போய், பிடி நழுவி விழுந்தது. ஓர் அடிக்கும் குறைவான உயரம்தான். வயிற்றின் ஓரத்தில் சிறு கீறல். அதிலிருந்து நீர்போல் ஏதோ கசிந்தது. பள்ளி முடியும் நேரத்தில் கால்கள் எட்டும் உள்நோக்கிச் சுருண்டிருந்தன. மாணவன் அழவில்லை. "இவ்வளவு உயரம்தானே டீச்சர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

அவன் கேள்விக்கு அறிவியல் விடை உண்டு. சிலந்திக்கு எலும்பு கிடையாது, புறக்கூடுதான் உண்டு. தலையும் மார்பும் சேர்ந்த முன்பகுதியில் அந்தக் கூடு கெட்டியானது. பின்னால் பருத்திருக்கும் வயிற்றிலோ அது மெல்லிய தோல். தரையில் வாழும் தரந்துலா கனமான உடம்புக்காரி. உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்துவிடும். சிலந்தி தன் கால்களை நீட்டுவதற்குத் தசையை மட்டும் நம்புவதில்லை. உடலில் உள்ள குருதிநீரை அழுத்திக் காலுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. குருதிநீர் கசிந்துவிட்டால் அழுத்தம் போய்விடும், கால்கள் சுருண்டுவிடும். தண்ணீரின்றி வாடும் சிலந்தியும் இதே காரணத்தால்தான் கால் சுருண்டு கிடக்கும். ஆண்டுதோறும் 'விலங்குகளின் நீடுநிலவல்' கற்பிக்கிறோமே, உடலமைப்புக்கும் வாழிடத்திற்கும் உள்ள தொடர்பை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பெட்டியின் அளவில் நாம் முதலில் பார்க்க வேண்டியது உயரம். உயர்ந்த பெட்டி வசதியான பெட்டி என்று நினைப்பது மனித வழக்கம். தரையில் வாழும் இனத்திற்கு அது தூக்குமேடை. சிலந்தி கால்களை விரித்து நிற்கும்போது முன்கால் நுனி முதல் பின்கால் நுனி வரை உள்ள நீளத்தைக் கால் விரிவு என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் நீளம் அதைப்போல் மூன்று மடங்கு, அகலம் இரண்டு மடங்கு இருக்கட்டும். மண்ணின் மேற்பரப்பிலிருந்து மூடிவரை உள்ள இடைவெளி மட்டும் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. 12 சென்டிமீட்டர் கால் விரிவு உள்ள சிலந்திக்கு 36 சென்டிமீட்டர் நீளமும் 24 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பெட்டி போதும். மண்ணிலிருந்து மூடிக்கு 18 சென்டிமீட்டருக்குள். பெட்டி ஏற்கெனவே உயரமாக வாங்கிவிட்டீர்களா? கவலை வேண்டா. மண்ணைக் கூடுதலாக நிரப்பினால் இடைவெளி குறைந்துவிடும். வளை தோண்டும் இனங்களுக்கு அந்த ஆழமும் பயன்படும். மரத்தில் வாழும் இனங்களுக்குக் கணக்கு தலைகீழ். அவற்றுக்கு உயரமும், நிறுத்திவைத்த மரப்பட்டையும் வேண்டும். இந்தக் கணக்கை ஆசிரியர்கள் அப்படியே கணிதப் பாடத்திற்கு எடுத்துச் செல்லலாம். கற்பனை நீச்சல்குளத்தின் கொள்ளளவைக் கணக்கிடுவதைவிட இது சுவையாக இருக்கும்.

அடுத்தது மூடி. கண்ணாடியில் சிலந்தி ஏறாது என்று சொல்வார்கள். நன்றாகவே ஏறும், மூடியை முதுகால் முட்டித் தூக்கவும் பார்க்கும். எனவே இருபுறமும் கிளிப் மாட்டும் மூடி வேண்டும். காற்றுத் துளைகளை மூடியில் மட்டும் போடாமல், எதிரெதிர்ப் பக்கச் சுவர்களிலும் போட்டால் காற்று உள்ளே நுழைந்து மறுபுறம் வெளியேறும். துளை, சிலந்தியின் கெட்டியான முன்பகுதியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். மென்மையான வயிறு எப்படியும் நெளிந்து வந்துவிடும்; முன்பகுதி நுழைகிற துளையில் முழுச் சிலந்தியும் நுழையும் என்று கொள்ளுங்கள். சூட்டு ஆணியால் துளையிடும்போது உள்பக்கம் முள்முள்ளாக நிற்கும் நெகிழியைத் தேய்த்து வழவழப்பாக்க மறந்துவிடாதீர்கள். மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் கம்பிவலை மூடி வேண்டவே வேண்டா. சிலந்தியின் பாத நகங்கள் அந்த வலையில் மாட்டிக்கொள்ளும். தொங்கித் தொங்கிக் காலையே இழந்துவிடும்.

மண்ணுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. பூச்செடிக் கடையில் விற்கும் தேங்காய் நார்த்தூள், அதாவது கோக்கோபீட், உரம் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள். நனைத்து, பிழிந்து, கையால் அழுத்திப் பரப்ப வேண்டும். ஒளிந்துகொள்ள ஓரிடம் கட்டாயம் வேண்டும். பாதியாக உடைத்த தேங்காய்ச் சிரட்டையில் வாசல் வெட்டிக் கவிழ்த்தால் போதும். கடையில் விற்கும் மண்டையோட்டுப் பொம்மையெல்லாம் பிள்ளையின் கண்ணுக்குத்தான் அழகு. கூரான கல், கள்ளிச்செடி, பளபளக்கும் கூழாங்கற்குவியல் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். விழும் இடம் மெத்தென்று இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் மற்றவை தானாக விளங்கும்.

தண்ணீர்க் கிண்ணம் ஆழமில்லாமல், நாளும் நீர் மாற்றத்தக்கதாக இருக்கட்டும். சிலந்தி மூழ்கிவிடும் என்று அஞ்சிப் பஞ்சையோ நுரைப்பஞ்சையோ போட்டுவைக்கின்றனர். நம் நாட்டு வெக்கையில் அது இரண்டு நாளில் நாறிப் பூஞ்சை பிடித்துவிடும். பல வாரங்கள் உணவில்லாமல் இருக்கும் உயிர் இது, தண்ணீரில்லாமல் இருக்காது.

ஐரோப்பியரும் அமெரிக்கரும் எழுதிய வழிகாட்டிகளில் சூட்டுப் பாய், சூட்டு விளக்கு என்று பக்கம் பக்கமாக இருக்கும். அவற்றை அப்படியே பின்பற்றக்கூடாது. பனி பெய்யும் ஊருக்கு எழுதியவை அவை. நம் கிரியான் வட்டாரத்தில் சூடேற்ற என்ன தேவை இருக்கிறது? இங்கே எதிர்ப்பக்க ஆபத்துதான். சன்னலோரம் வெயில் படும் இடத்தில் மூடிய நெகிழிப் பெட்டியை வைத்தால் ஒரு பிற்பகலில் கதை முடிந்துவிடும். வாங்கிவரும் வழியில் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதும் அப்படித்தான். சுவர் ஓரமாக, நிழலில், பேசிக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கும் நடுக்கூடத்திலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். தொலைக்காட்சிக்கு மேல் வேண்டா. அதிர்வை அது ஓயாமல் உணர்ந்துகொண்டே இருக்கும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் அதிகம் பேசாத எதிரிகள் இரண்டு நம் வீட்டில் உண்டு. ஒன்று எறும்பு. ஓர் இரைத்துண்டு மீந்து கிடந்தால் இரவோடு இரவாக வரிசை கட்டி வந்துவிடும். தோல் உரிக்கும் நேரத்தில் சிலந்தி அசைய முடியாமல் கிடக்கையில் எறும்புக்கூட்டம் வந்தால் உயிரோடு தின்றுவிடும். எறும்பு மருந்து தூவினால் சிலந்தியும் சாகும். என்ன செய்வது? தோட்டவீட்டு அடுக்களையில் நம் பாட்டிமார் செய்ததைத்தான் செய்ய வேண்டும். பலகார அலமாரியின் நான்கு கால்களுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களே, அதேபோல் பெட்டி வைக்கும் மேசைக் கால்களுக்கும் வையுங்கள். அந்தத் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி மாற்ற வேண்டும். சவர்க்காரம் ஒரு துளி கலந்தாலும் நல்லது.

மற்றோர் எதிரி கொசு மருந்து. டிங்கிக் காய்ச்சல் வந்த குடியிருப்புக்குச் சுகாதாரத் துறையினர் புகையடிக்க வருவார்கள். அது தேவையான வேலை. நிறுத்தச் சொல்ல முடியாது. அந்தப் புகைக்குக் கொசு வேறு, சிலந்தி வேறு என்ற பாகுபாடு கிடையாது. புகையடிக்கும் நாள் தெரிந்தவுடன் பெட்டியை வேறு வீட்டிற்குக் கொண்டுபோய், புகை முற்றும் அகன்று வீட்டைத் துடைத்த பிறகே திரும்பக் கொண்டுவர வேண்டும். அறைக்குள் கொசு மருந்து தெளிப்பதும், பெட்டிக்கு அருகில் கொசுவர்த்தி கொளுத்துவதும் அறவே கூடாது. "எங்கள் வீட்டில் கொசுவர்த்தி இல்லாமல் முடியாது" என்பவர்கள் தரந்துலா வளர்க்க வேண்டா; இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரையைப் பற்றியும் ஒரு சொல். சுற்றிலும் வயல் இருக்கிறதே, வெட்டுக்கிளி பிடித்துப் போட்டால் காசு மிச்சம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். 1906இல் நிறைவடைந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் முதல் இந்த வட்டாரம் நெற்களஞ்சியம். வயல் உள்ள இடத்தில் பூச்சிக்கொல்லியும் உண்டு. நஞ்சு குடித்த வெட்டுக்கிளியைத் தின்ற சிலந்தியும் நஞ்சைத் தின்றதாகும். பறவைத் தீனிக் கடைகளிலும் தூண்டில் கடைகளிலும் விற்கும் வளர்ப்புச் சிள்வண்டு, மலாயில் செங்கெரிக் என்போமே, அதுவே ஏற்றது. வளர்ந்த சிலந்திக்கு வாரம் ஒன்றோ இரண்டோ போதும். ஒரு நாளில் தின்னாவிட்டால் இரையை வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஏன் எடுக்க வேண்டும் என்பதற்குத் தோலுரிப்பே காரணம். வளர்ச்சிக்காகச் சிலந்தி தன் புறக்கூட்டைக் கழற்றும்போது பெரும்பாலும் மல்லாந்து படுத்துக்கொள்ளும். பார்த்தால் செத்துக் கிடப்பதுபோலவே இருக்கும். செத்த சிலந்தி பொதுவாகக் குப்புறக் கால்களைச் சுருட்டிக் கிடக்கும். மல்லாந்து கிடப்பது உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கிறது. இது தெரியாமல் பிள்ளை அழ, அப்பா வாழைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டால் உயிரோடு புதைத்ததாகிவிடும். திருப்பிப் போடக்கூடாது, தொடக்கூடாது, பெட்டியை நகர்த்தக்கூடாது. அந்நேரத்தில் ஒரு சிள்வண்டு உள்ளே இருந்தால் அதுவே சிலந்தியைக் கடித்துத் தின்னும். உரித்த பின் நச்சுப்பற்கள் வெளுத்து மென்மையாக இருக்கும். அவை கருத்துக் கெட்டியாகும் வரை, வளர்ந்த சிலந்தி என்றால் ஓரிரு வாரங்கள், இரை வேண்டா, தண்ணீர் மட்டும்.

இனி அந்தக் கால் பங்குக்கு வருவோம். நம்மைக் காப்பது எப்படி?

அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த தரந்துலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின்மேல் அரிக்கும் மயிர்கள் உண்டு. பின்காலால் தேய்த்துக் காற்றில் பறக்கவிடும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் பெருந்துன்பம். 2009இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒருவர் கண்சிவப்போடு மருத்துவமனைக்குச் சென்றார். வாரக்கணக்கில் மருந்து போட்டும் ஆறவில்லை. நுண்ணோக்கியால் பார்த்தபோது கருவிழிக்குள் மெல்லிய மயிர்கள் குத்தி நின்றன. அவர் தம் வளர்ப்புச் சிலியன் ரோஸ் சிலந்தியின் தொட்டியில் இருந்த கறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அது மயிரை முகத்தில் வீசியிருக்கிறது. 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த நிகழ்வு இது. அவரைச் சிலந்தி கடிக்கவில்லை. அவர் அதைக் கையில் எடுக்கவும் இல்லை. பெட்டியைத் துடைத்தார், அவ்வளவுதான்! ஆகவே துடைப்பதற்கு முன், அகன்ற குவளையைக் கவிழ்த்துச் சிலந்தியை அதற்குள் அடக்கிவிட வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும். வேலை முடிந்து கைகழுவும் வரை கண்ணைத் தொடக்கூடாது. இந்த வேலை பெற்றோருக்கு உரியது. பிள்ளை எட்ட நின்று பார்க்கலாம்.

ஆசியாவின் தரந்துலாக்களுக்கு அந்த மயிர் இல்லை. அதனால் பாதுகாப்பானவை என்று எண்ணிவிடாதீர்கள். மயிர் இல்லாத குறையை வேகத்தாலும் கடியாலும் ஈடுகட்டுகின்றன. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ள மரச்சிலந்திகள் கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வாட்டும். நம் மலேசியக் காடுகளின் மரச்சிலந்தி ஒன்றைத் தோரல் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1891இல் 'ஓமோதைமஸ்' என்று பெயரிட்டு விவரித்தார். கால்களை விரித்தால் பெரியவர் கை அகலம் வரும். கண்ணிமைக்கும் நேரத்தில் பெட்டியிலிருந்து தோள்வரை ஏறிவிடும். அனுபவம் இல்லாத வீட்டிற்கு, அதுவும் பிள்ளைகள் இருக்கும் வீட்டிற்கு, இவை பொருந்தா. எந்த இனமானாலும் கையில் ஏந்தி விளையாடுவது வேண்டா. காணொளியில் ஏந்துகிறார்களே என்றால், ஏந்துவதைப் பார்க்கத்தானே அந்தக் காணொளி! சிலந்திக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. கை உதறினால் முறுக்கு டப்பா கதைதான்.

இவ்வளவும் செய்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு காலத்திற்கு? ஆண் சிலந்தி சில ஆண்டுகளில் இறந்துவிடும். பெண் சிலந்தி பல இனங்களில் பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். தரந்துலாவின் உறவுக்காரியான ஒரு பொறிக்கதவுச் சிலந்தியை ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்னும் அறிஞர் 1974 முதல் அதன் வளையிலேயே கண்காணித்து வந்தார். 'பதினாறாம் எண்' என்று அதற்குப் பெயர். 2016இல் அது இறந்தபோது அகவை 43! ஐந்தாம் ஆண்டில் வாங்கிய சிலந்தி, பிள்ளை எஸ்.பி.எம். எழுதி, பல்கலைக்கழகம் போய், கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் பாகான் செராய் வீட்டில் இரைக்குக் காத்திருக்கும். யார் தண்ணீர் வைப்பது? அம்மாதான். எனவே அம்மாவின் இசைவு இல்லாமல் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வகுப்பறையில் வேண்டா என்பதற்கும் இதுவே காரணம். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பிறகு வகுப்பறையில் இத்தகைய கற்றலுக்கு இடம் கூடியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆர்வமுள்ள இளம் ஆசிரியர் ஒருவர் கொண்டுவருவார். ஈராண்டில் மாற்றலாகிப் போவார். பள்ளி விடுமுறையில் யார் வீட்டில் இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் ஏலம் போட வேண்டும். எல்லாருக்கும் சொந்தமானது ஒருவருக்கும் சொந்தமில்லாமல் போவதைப் பள்ளி மூலிகைத் தோட்டங்களில் நாம் பார்த்திருக்கிறோம். செடி வாடினால் மறுபடி நடலாம். முப்பது பிள்ளைகள் தட்டித் தட்டிப் பார்க்கும் பெட்டிக்குள் ஒளிந்து வாழும் உயிரை வைப்பது முறையன்று. வகுப்புக்கு வெறும் பெட்டியைக் கொண்டு வாருங்கள். அளக்கட்டும், துளையிடட்டும், ஈரம் பார்க்கட்டும். உரித்த தோல் கிடைத்தால் அதையும் பெட்டிக்குள் வைத்தே, தொடாமல், காட்டுங்கள். நச்சுப்பல் முதல் பாத நகம்வரை எல்லாம் அதில் உண்டு.

தோட்டத்துச் சிலந்தியைப் பிடிக்கக்கூடாது என்றேன். சட்டமும் இதில் தொடர்புடையது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள உயிர்களை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். கடைக்காரரின் வாய்மொழியை நம்பாமல், வாங்குவதற்கு முன்னரே இனத்தின் பெயரைச் சொல்லிப் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அனைத்துலக வாணிபத்திலும் கட்டுப்பாடு உண்டு. மெக்சிக்கோவின் செம்முட்டித் தரந்துலா 1985இலேயே சைட்டீஸ் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிந்ததால் 2019இல் இந்திய, இலங்கை மரச்சிலந்திகளான 'பொசிலோதெரியா' பேரினம் முழுவதும் சேர்க்கப்பட்டது.

அந்தப் பேரினத்தின் கதை தமிழர் மண்ணோடு பின்னியது. இராமேசுவரத்தில் ஹனுமவிலாசம் கோவிலின் பெயரைத் தாங்கிய ஓர் இனம் 2004இல் உலகுக்கு அறிமுகமானது. இன்று அது மிக அருகிவிட்ட இனங்களுள் ஒன்று. பழைய மரங்கள் வெட்டப்பட வெட்டப்பட அதன் பொந்துகள் குறைகின்றன. போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் இலங்கையின் வடக்கே ஊர்மக்கள் அடித்துக் கொன்ற சிலந்தியொன்று ஆய்வாளர் கையில் கிடைத்தது. தேடிச் சென்றவர்கள் மாங்குளத்தில் பழைய மருத்துவர் விடுதி ஒன்றிலும் அதைக் கண்டனர். புதிய இனம் என்று தெளிந்து, உடன் சென்று உதவிய காவல் ஆய்வாளர் ராஜகுமாரின் பெயரால் 'ராஜேய்' என்று அழைத்தனர். காடு அழிந்ததால் பாழடைந்த கட்டடத்திற்குக் குடிபெயர்ந்த சிலந்தி! நம் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையும் போய் வீடமைப்பு வருகிறது. மண்மேட்டு வளையில் எஞ்சியிருக்கும் ஒரு பெண் சிலந்தியைத் தோண்டி எடுத்தால், பல ஆண்டுகள் முட்டையிட வேண்டிய தாயை எடுத்ததாகும். அந்த மேட்டில் மறுபடியும் ஒன்று வளர எத்தனை ஆண்டாகும்? வளர்க்க விரும்புவோர் பெட்டியிலேயே பிறந்து வளர்ந்த சிலந்தியையே நாட வேண்டும். எங்கே பிறந்தது என்று கேட்டால் விடை சொல்லத் தெரியாத கடையில் வாங்கக்கூடாது.

பெட்டியும் வேண்டா, செலவும் வேண்டா, ஆனால் பிள்ளைக்குச் சிலந்தி காட்ட வேண்டும் என்போர்க்கு ஒரு வழி. தோட்டச் சாலையோரத்து மண்சரிவில், பகலில் பெரியவர் ஒருவர் முதலில் போய்ப் பாருங்கள். இரண்டு விரல் நுழையும் அளவில், வாயோரத்தில் வெண்ணூல் படர்ந்த வளை இருக்கும். கையையோ குச்சியையோ விடக்கூடாது. இரவு எட்டு மணிக்குமேல் நீண்ட காலணி அணிந்து, கைவிளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டி, நான்கு எட்டு தள்ளி நில்லுங்கள். பாம்பு நடமாடும் நேரம். விளக்கை முதலில் காலடியில் அடித்துவிட்டு நடக்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இரவு நல்ல நேரம். முதலில் இரண்டு கால்நுனிகள் வளையின் வாயில் தெரியும். பேச்சை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் முகமும் வெளியே வரும்.